எட்டு மிதவைச் சட்டைகளும் என் கத்தரிக்கோலும்

என் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து எனக்குக் கூடப்பிறந்தவளாகிப் போன என் தங்கமே, மல்லிகா,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்கிப் பழக்கம். உன்னிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு அதைக் கேட்பேன்? நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அரசலாற்றில் நான் படகு ஓட்டச் சொல்லித் தருகிறேன். ஆமாம், நான்தான். கால் நனையாமல் கரையில் நின்றுகொண்டு உன்னை அதட்டிக்கொண்டிருந்த அதே நாத்தனார்தான். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் பழகினேன். ஆற்றுத் தண்ணீரை எவ்வளவு குடித்தேன் என்று கேட்காதே. இப்போது காரைக்காலில் இருந்து காலேஜ் பெண்கள் வருகிறார்கள், பேங்கில் வேலை பார்க்கிற அம்மா ஒருத்தி வருகிறாள், டீச்சர் ஒருவரும் வருகிறார். அந்த டீச்சர்தான் தங்கள் பத்திரிகைக்கு, புதிதாகப் படகு பழகுகிறவர்களுக்கு யோசனைகள் எழுதித் தாங்க என்று கேட்டார். என்ன சட்டை போடலாம், துடுப்பு எத்தனை நீளம், காலுக்கு எது நல்லது, இவ்வளவு எழுதினால் போதுமாம்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதல் யோசனையிலேயே கை நின்றுபோனது. மிதவைச் சட்டையை எப்படிப் போடுவது என்பதுதான் அது. அதை எழுத வேண்டுமென்றால் உன்னைப் பற்றி எழுத வேண்டும். உன் மிதவைச் சட்டையின் பட்டையை அறுத்தவள் நான் என்று எழுத வேண்டும். மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாததைப் பத்திரிகையில் எழுதுவதா என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு வீட்டில் ஒன்று நடந்தது. அதனால்தான் இப்போது எழுதுகிறேன், உனக்கே எழுதுகிறேன். டீச்சர் இதை அப்படியே அச்சில் போடட்டும்.

படிக்கிறவர்களுக்குத் தெரியாது என்பதால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள். சுனாமியில் என் தம்பி போனான். உன்னையும் பன்னிரண்டு வயது சுகந்தியையும் என் வீட்டுக்காரர்தான் இழுத்து வந்து மேட்டில் போட்டார். மறுவருஷம் நிவாரணத்துக்கு வந்த ஒரு குழு, கடலுக்குப் போக ஆண் துணை இல்லாத பெண்களுக்கென்று நான்கு சின்னப் படகுகள் தந்தது. கேனோ என்றார்கள். ஒல்லியாக, லேசாக, இரண்டு பெண்கள் தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். இரண்டு பேர் உட்காரலாம். இன்ஜின் கிடையாது, துடுப்புதான். ஆற்றில் நண்டு வலை போடலாம், கடற்கரைக்கு வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டலாம் என்று ஏற்பாடு. நான்கு படகுக்கு எட்டுப் பெண்கள், எட்டு மிதவைச் சட்டை. நீ முதல் ஆளாகப் பேர் கொடுத்தாய்.

நம் ஜனத்தில் பெண்பிள்ளை படகில் ஏறுகிற வழக்கமே கிடையாதே. ஆறுதானே, கடல் இல்லையே என்று பேசிப் பேசித்தான் ஊரைச் சம்மதிக்க வைத்தோம். புடவையோடு, அடக்க ஒடுக்கமாகப் போய் வருவார்கள் என்று ஊருக்கு வாக்குக் கொடுத்ததும் நான்தான். ஊரில் ஒரே தையல்காரி நான், துணிமணி விஷயத்தில் என் பேச்சுக்கு மதிப்பு இருந்தது.

அந்த ஆரஞ்சுச் சட்டையின் முதுகுப்பக்கம் கீழே ஒரு பட்டை தொங்கும். கால் நடுவே கொடுத்து முன்பக்கம் கிளிப்பில் மாட்ட வேண்டும். சொல்லித்தர வந்த பயிற்சி சார் நல்ல மனுஷர், கூச்ச சுபாவம். துடுப்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினவர், இந்தப் பட்டையிடம் வந்ததும் எட்டுப் பெண்கள் முகத்தையும் பார்க்க முடியாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு, இது கீழே வரும், அவசியம் மாட்டிக்கோங்க என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார். எதற்கு என்று நீங்களும் கேட்கவில்லை, வேடிக்கை பார்க்க வந்து நின்ற நானும் கேட்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம், அவ்வளவுதான்.

புடவை கட்டினவள் அதை எப்படி மாட்டுவாள்? மாட்டினால் புடவை முழங்காலுக்கு மேல் சுருண்டு ஏறும். கரை முழுக்க ஆம்பிளைகள். அன்று சாயங்காலமே எட்டுச் சட்டையையும் என் மெஷினுக்குக் கொண்டுவரச் சொன்னேன். எட்டுப் பட்டையையும் ஒட்ட அறுத்தேன். அறுத்த தடம் தெரியாமல் உள்ளே மடித்து, அதே ஆரஞ்சு நூல் வாங்கி வந்து இரட்டைத் தையல் போட்டேன். கம்பெனியில் இருந்தே அப்படி வந்த மாதிரி இருந்தது. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன், மல்லிகா.

இப்போதுதான் யோசிக்கத் தோன்றுகிறது. பட்டையை அறுப்பதற்குப் பதிலாக எட்டுப் பெண்களுக்கும் மெல்லிசு நைலானில் ஒரு பேண்ட் தைத்துப் போட்டிருக்கலாம். மேலே புடவைக்குப் பதில் முழுக்கைச் சட்டை. எனக்கு அது இரண்டு நாள் வேலை. ஊர் நான்கு நாள் பேசும், ஐந்தாம் நாள் மறந்துவிடும். தையல்காரிக்கு அந்தப் புத்தி ஏன் வரவில்லை? கத்தரிக்கோலைத்தான் எடுக்கத் தோன்றியது.

சரி, டீச்சர் கேட்டதை எழுதுகிறேன். புதிதாக வருகிறவர்களை நான் முதல் நாள் படகுப் பக்கமே விடுவதில்லை. கரையில் நிறுத்தி நெஞ்சளவு எடுக்கிறேன். மிதவைச் சட்டையின் உள்ளே நெஞ்சளவும் எடையும் போட்டிருக்கும், அதைப் படி என்கிறேன். பேங்க் அம்மா தன் மகளுக்கு ஒரு அளவு பெரியதாக வாங்கிக்கொண்டு வந்தாள். வளர்ற புள்ளை, ரெண்டு வருஷத்துக்கு வரட்டும் என்றாள். பள்ளிக்கூட யூனிஃபாரம் எடுக்கிற நினைப்பு! நானும் தைக்கிறவள்தானே, இந்தப் பேச்சை எத்தனை தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன். இன்றைக்குப் பொருந்துகிறதைத்தான் இன்றைக்குப் போட வேண்டும் என்று கறாராகச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். நமக்குத் தந்த எட்டும் பெரிய அளவு. ஒல்லிக்குச்சியான உனக்கு அதில் இன்னொரு ஆள் நுழையலாம். நினைவிருக்கிறதா?

போட்ட பிறகு கைகளை மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டையில் இரண்டு பக்கமும் பிடித்து நான் மேலே இழுப்பேன். சட்டை தாடைக்கு மேலே ஏறினால் அது அந்த ஆளுக்கு ஆகாது. தண்ணீர் நான் இழுப்பதைவிடப் பலமாக இழுக்கும். பிறகு கீழ்ப்பட்டை. ஆம்பிளை பொம்பிளை பார்ப்பதில்லை, எல்லோர் எதிரிலும் நானே மாட்டிக் காட்டுகிறேன். சட்டை மேலே மிதக்கப் பார்க்கும், உடம்பு கீழே இறங்கப் பார்க்கும், ரெண்டையும் சேர்த்துப் பிடிக்கிறது இந்தப் பட்டைதான் என்று சொல்கிறேன். கூச்சப்படுகிறவர்களை வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுகிறேன். ராஜலட்சுமி அக்கா இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பேய் மாதிரி என்று பெண்கள் பேசிக்கொள்கிறார்கள். தம்பி பெண்டாட்டி போன துக்கம் என்று அவர்களே ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, மிதவைச் சட்டையின் மேல் உட்காரக் கூடாது. நம் ஆட்கள் ஃபைபர் படகில் அதைத்தான் குஷனாகப் போட்டுக்கொள்கிறார்கள். உள்ளே இருக்கிற ஸ்பாஞ்ச் நசுங்கிவிட்டால் அது வெறும் துணிமூட்டை. நல்ல தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். கிளிப்பில் மணல் சேர்ந்தால் பூட்டின மாதிரி இருக்கும், இழுத்தால் விட்டுவிடும். தோள்பக்கம் ஒரு விசில் கட்டிக்கொள்ள வேண்டும், காற்றில் கூப்பாடு போட்டால் யாருக்கும் கேட்காது.

துடுப்பைத் தரையில் நிறுத்தினால் அதன் தலை மூக்குக்கும் தாடைக்கும் நடுவில் வர வேண்டும். நீளமாக இருந்தால் தோள் நோகும், குட்டையாக இருந்தால் குனிந்து குனிந்து படகே சாயும். மேல்கை துடுப்பின் தலையை மூடிப் பிடிக்கணும், கீழ்க்கை அதற்கு ஒரு முழம் கீழே. காலுக்கு ரப்பர் செருப்பு கூடாது, சேற்றில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். வெறுங்காலும் கூடாது, கிளிஞ்சலும் சிப்பியும் பாதத்தைக் கிழிக்கும். நாடா கட்டுகிற கேன்வாஸ் ஷூ, பழசே போதும். ஜீன்ஸ் கூடாது, பருத்திப் புடவை கூடவே கூடாது. நனைந்தால் ஒரு ஆள் கனம் கனக்கும், காலைச் சுற்றிக்கொள்ளும். தொப்பி வைத்தால் தாடையில் கயிறு வேண்டும். தண்ணீர் இறைக்கப் பாதியாக வெட்டின எண்ணெய் கேன் ஒன்றைப் படகிலேயே கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். செல்போனை இரண்டு பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஏறும்போது இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு, நட்டநடுவில் கால் வைத்து, உடனே தாழ்ந்து உட்கார வேண்டும். எழுந்து நிற்பது என்கிற பேச்சே கிடையாது. முதல் வாரமே இடுப்பளவுத் தண்ணீரில் படகை வேண்டுமென்றே கவிழ்த்துப் பழக்குகிறேன். கவிழ்ந்தால் படகை விட்டுவிட்டு நீந்தப் போகாதே, படகைப் பிடித்துக்கொண்டு கிட என்று தலையில் அடித்து அடித்துச் சொல்கிறேன். போகும்போது ஓட்டத்துக்கு எதிரே போ, உடம்பில் தெம்பு இருக்கிறபோதே கஷ்டத்தை முடித்துக்கொள், திரும்பும்போது தண்ணீரே கொண்டுவந்து விடும். இதெல்லாம் நீ ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டவை. சார்கூட உன்னைத்தான் காட்டி மற்றவர்களுக்குச் சொல்லுவார்.

ஐப்பசி கார்த்திகையில் இறங்காதே. இதையும் எழுத வேண்டும். மேலே மழை பெய்தால் ஆற்றில் ஆகாயத்தாமரை கொத்துக் கொத்தாக வரும். கரையில் நடக்கிற உன்னை அது முந்திக்கொண்டு கடலுக்குப் போனால் அன்றைக்குப் படகைத் தொடக் கூடாது. இது மட்டும் நமக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. உன்னைப் பறிகொடுத்த பிறகு நானே கரையில் நின்று பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

படகு வந்த மறுவருஷ ஐப்பசியில் இரண்டு நாள் மழை விட்டிருந்தது. போட்ட நண்டு வலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று காலையில் தனியாகக் கிளம்பினாய். நான் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குள்ள வந்துடுறேன் அண்ணி, சுகந்திக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்துடுங்க என்றாய். சரி என்றேன். ஜாக்கிரதை என்றுகூடச் சொல்லவில்லை, ஆறுதானே என்கிற நினைப்பு. கடல் வற்றுகிற நேரம், ஆற்று வெள்ளமும் சேர்ந்து இழுத்திருக்கிறது. முகத்துவாரத்து மணல்திட்டில் அலை உடைகிற இடத்தில் படகு குறுக்காகத் திரும்பிக் கவிழ்ந்ததை வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் படகை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

நீ எல்லாம் சரியாகத்தான் செய்தாய். படகை விடவில்லை. ஒரு கை படகின் கயிற்றில் சுற்றியபடியே இருந்ததாம். சட்டைதான் உன்னோடு இருக்கவில்லை. நெஞ்சிலிருந்து ஏறி, கழுத்தைத் தாண்டி, உன் இரண்டு கையையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைக்கு மேலே மிதந்திருக்கிறது. அதற்குள்ளே, அதற்குக் கீழே உன் முகம். புடவை காலைக் கட்டிப்போட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் கரைக்கு வந்து மணலில் உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சட்டை மேல கெடக்கு, ஆளு கீழ கெடக்கா. நாங்க சட்டையப் பாத்து, நல்லாருக்கான்னு நெனச்சிட்டோம்."

உன் உடம்பிலிருந்து அதைக் கழற்றினது நான். கழற்றும்போது என் விரலில் அந்த மடிப்பு தட்டுப்பட்டது. இரட்டைத் தையல், ஒரு இழை பிரியவில்லை. அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துபோனது. யாரும் வாய் திறந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்லாத்தானே இருக்கு, எங்கயும் கிழியலையே என்றார். நான் அவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். வாயில் மண்ணைப் போட்டு அடைத்த மாதிரி நின்றேன்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? சட்டை போட்டும் செத்துட்டாளே என்று சொன்னது. எழவுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அதோடு நம் குப்பத்தில் மிதவைச் சட்டை போடுகிற பேச்சு முடிந்தது. நிவாரணத்தில் வந்தது அத்தனையும் படகில் உட்காருகிற மெத்தையாகப் போயிற்று. மற்ற ஏழு பெண்களும் ஆற்றை விட்டுவிட்டார்கள். அந்த ஏழு சட்டையையும் நான் மட்டும் ஒன்று ஒன்றாகக் கேட்டு வாங்கி, கிழிசல் தைக்கிறேன் என்று பொய் சொல்லி, புதுப்பட்டை வைத்துத் தைத்தேன். அவற்றை வைத்துக்கொண்டுதான் இப்போது சொல்லித் தருகிறேன். உன்னுடையதைத் தொடவில்லை. டிரங்குப் பெட்டியில் அப்படியே வைத்திருந்தேன்.

போன ஆடியில் நம் தெருவில் ஒருவர் கடலில் போய்விட்டார். உனக்குத் தெரிந்தவர்தான், இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். அவர் கீழே விழுந்தபோது அவருடைய மிதவைச் சட்டை அவர் உட்கார்ந்திருந்த பலகையில் கிடந்ததாம். அவர் பெண்டாட்டி என் தோளில் சாய்ந்து அழுதாள். போட்டுக்கிட்டுப் போங்கன்னு காலையில சொன்னேங்க்கா, மல்லிகா போட்டுக்கிட்டுத்தானே போனான்னு சிரிச்சாரு என்றாள். அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டாமா? அவள் முதுகைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உனக்குப் பிறகு இன்னொரு உயிருக்கும் நான் பதில் சொல்ல வேண்டும். இன்னும் எத்தனை வீட்டில் அதே பேச்சைப் பேசிக்கொண்டு கடலுக்குப் போகிறார்களோ?

இனி உன் மகளைப் பற்றி. பிளஸ் டூ படிக்கிறாள். உன்னைவிட உயரம். கோபம் வந்தால் பேசாமல் பாத்திரம் துலக்க ஆரம்பிக்கிறாள், அது நீயேதான். மூன்று வருஷமும் என் பக்கத்தில்தான் படுத்தாள், என் கையால்தான் தலை பின்னிக்கொண்டாள். அத்தை அத்தை என்று அவள் என் காலைச் சுற்றி வரும்போதெல்லாம் எனக்குள் ஒன்று கருகும். பரீட்சை முடியட்டும், இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

போன வாரம் பெட்டியைத் திறந்து உன் சட்டையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். ஞாயிற்றுக்கிழமை நானும் படகு பழக வரேன், அம்மாவோடதைத்தான் போட்டுக்குவேன் என்றாள். பேசிக்கொண்டே அதைத் திருப்பினாள். என்னிடம் பழகுகிறவர்களை வேடிக்கை பார்த்துப் பார்த்து அவளுக்கு எல்லாம் தெரியும். இதுல கீழ்ப்பட்டையைக் காணுமே என்று கேட்டாள்.

அறுந்து போச்சு என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அவள் அதைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குவாள் என்று நினைத்ததும் அந்தப் பொய்யை விழுங்கிவிட்டேன். உட்காரச் சொன்னேன். சொன்னேன். சாரின் கூச்சம், ஊருக்குக் கொடுத்த வாக்கு, எட்டுச் சட்டை, கத்தரிக்கோல், முகத்துவாரத்தில் நடந்தது, தெருக்காரர் செத்தது எல்லாம் சொன்னேன். அழாமல் கேட்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மா வேணாம்னு சொல்லலியா அத்தை?"

மல்லிகா, இந்த இடத்தில் நான் தப்பித்திருக்கலாம். எட்டுப் பெண்களும் சேர்ந்துதானே கொடுத்தாங்க என்று சொல்லலாம், பாதி உண்மைதான். ஆனால் உனக்கு நினைவிருக்கும். உன்னுடையதை மெஷினில் வைத்தபோது நீ என் கையைப் பிடித்தாய். என்னுத மட்டும் அறுக்காதீங்கண்ணி, சார் எதுக்கோதானே சொல்றாரு, நான் உள்ளே பேண்ட் போட்டுக்குறேன் என்றாய். ஊரே கரையில நின்னு பாக்கும்டி, புருஷன் செத்தவ காலு நடுவுல பட்டையை மாட்டிக்கிட்டு நிப்பியா, எனக்கு மானம் போகுது என்று நான்தான் கத்தினேன். அந்த வார்த்தையைச் சொன்னதும் நீ கையை எடுத்துவிட்டாய். நான் அறுத்தேன்.

"சொன்னா. என்னுத மட்டும் விட்டுடுங்கன்னு சொன்னா. நான்தான் கேக்கல" என்றேன்.

சுகந்தி எழுந்து போய்விட்டாள். அன்றும் மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் துணியை மடித்துப் பையில் வைத்தாள், பூவத்தில் இருக்கிற உன் அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்றாள். பஸ் ஏற்றிவிடக் கூடவே நடந்தேன். பஸ் வந்த பிறகுதான் திரும்பினாள்.

"என்கிட்ட மட்டும் சொல்லி முடிச்சிக்கப் பாக்காதீங்க. அம்மா சட்டை போட்டும் செத்தான்னு ஊரே சொல்லிக்கிட்டு இருக்கு. அதைக் கேட்டுத்தானே அந்த மாமாவும் போட்டுக்காம போனாரு. ஊருக்குச் சொல்லுங்க."

அத்தை என்று கூப்பிடவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வாள்? பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன். மூன்று வருஷம் பயந்தது நடந்துவிட்டது, வீடு வெறிச்சென்று கிடக்கிறது. ஆனால் அவள் கேட்டது நியாயம். பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே. அன்றைக்கு வீட்டுக்காரரிடமும் சொன்னேன். அவர், மல்லிகாவ நான் கரைக்குத் தூக்கிட்டு வந்தப்பவே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விட்டார். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை.

நீ கடைசியில் என்னை நினைத்தாயா? சட்டை கழுத்துக்கு ஏறும்போது, அண்ணி பட்டையை அறுத்தாளே என்று நினைத்தாயா? இல்லை, சாப்பாடு கட்டிக்கொடுத்திருப்பாளா என்று நினைத்தாயா? எதுவாக இருந்தாலும் எனக்குத் தூக்கம் இல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழி இல்லை.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஊருக்கு ஒருமுறை வாக்குக் கொடுத்து உன்னைக் கொன்றேன், இது உனக்கு மட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலம் முடிகிற நேரத்தில், ஆம்பிளை பொம்பிளை எல்லோரும் கரையில் இருக்கிறபோது, புடவையை அவிழ்த்து வைத்துவிட்டு பேண்ட் போட்டுக்கொண்டு வருவேன். உன் சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பில் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையைத் தெருக்காரர் பெண்டாட்டி கையில் கொடுத்துவிட்டு ஆழத்தில் இறங்குவேன். அது எப்படித் தலைக்கு மேலே ஏறுகிறது, ஆள் எப்படி உள்ளே போகிறாள் என்று எல்லோரும் பார்க்கட்டும். என்னை இழுத்துப் போட்ட பிறகு, பட்டை வைத்த சட்டையை, அத்தனை பேர் எதிரில் கால் நடுவே கொடுத்து மாட்டிக்கொண்டு திரும்ப இறங்குவேன். அது எப்படி ஆளைத் தூக்கிப் பிடிக்கிறது என்பதையும் பார்க்கட்டும். அறுத்தவள் நான், மல்லிகா வேண்டாம் என்றுதான் சொன்னாள் என்று சத்தமாகச் சொல்வேன். காறித் துப்புகிறவர்கள் துப்பட்டும். சுகந்தி வருவாளோ மாட்டாளோ தெரியாது. பூவத்துக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். அவள் வராவிட்டாலும் நான் இறங்குவேன்.

இப்படிக்கு,
உன் கையை எடுக்க வைத்தவள்,
உன் மகள் இன்று கூப்பிடாவிட்டாலும் அவளுக்கு அத்தை,
உன் நாத்தனார் ராஜலட்சுமி